ஸ்டாண்டின் பொது வால்வு

கும்மிடிப்பூண்டி பாலத்தில் ஏறும்போது எட்வர்டின் பழைய பிக்கப்பில், இன்ஜின் கோளாறைக் காட்டும் அந்த மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. பின்னாலிருந்து கிளம்பிய கரும்புகை, பைக்கில் வந்த ஒருவரை முழுசாக விழுங்கி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கொடுத்தது.

வண்டியின் புகைச் சான்று நாளையோடு முடிகிறது. சான்று இல்லாவிட்டால் தொழிற்சாலை கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். கேன்டீனுக்குக் காய்கறி கொண்டுபோகும் அந்த ஒரு ஓட்டத்தில்தான் எட்வர்டின் குடும்பம் ஓடியது. ஒருநாள் நின்றால் வேறு வண்டி உள்ளே நுழைந்துவிடும்.

"ஈஜிஆர் வால்வு அடைச்சிக்கினு கீது," என்றான் மெக்கானிக் லோகு. புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் உறுப்பு அது. "கழட்டிக் கழுவிட்டா போதும்."

"போன மாசமும் அதத்தானே சொன்ன?"

"போன மாசமும் அதத்தானே கழுவுனேன்."

எட்வர்டுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. கியர் மாற்றுவதில் தப்போ? போடுகிற டீசல் மட்டமோ? வேளாங்கண்ணிக்கு நடந்து போனபோது வண்டியை லோகுவின் ஷெட்டில் சும்மா போட்டுவைத்ததாலோ? ஒருநாள் கோபத்தில் வண்டியைத் திட்டியதை அது மனதில் வைத்திருக்கிறதோ?

லோகு கழுவினான். விளக்கு அணைந்தது, டீக்கடையைத் தாண்டுவதற்குள் எரிந்தது. வால்வின் வாயைத் தகடு வைத்து அடைத்தான். புகை குறைந்தது, ஆனால் விளக்கு அணையவே இல்லை. வண்டி சைக்கிளை முந்தக்கூட யோசித்தது. கடைசியில் விளக்கின் ஒயரை வெட்டினான். கூடவே வேறு எதையோ வெட்டி எதிலோ ஒட்டிவிட்டான் போல. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது.

"இன்னாடா இது?"

"நல்லதுதானே? நிக்கும்போது எல்லாரும் ஒதுங்கிக்குவாங்க."

"லோகு, எனக்கு நாளைக்கு டெஸ்டு."

லோகு தலையைச் சொறிந்தான். "ஒரு வழி கீது. துளசிராமன் அண்ணனக் கேட்டுப் பாரு."

பிக்கப் ஸ்டாண்டுக்கு மூத்தவர் துளசிராமன். அங்கே நிற்பதெல்லாம் எட்வர்டுடையதைப் போலவே ஒரே மாடல் வண்டிகள். அவர்களிடம் நல்ல வால்வு ஒன்று உண்டு என்பதே எட்வர்டுக்கு அன்றுதான் தெரிந்தது. யாருக்குப் புகை டெஸ்டோ அவர் வண்டியில் அது ஏறும். டெஸ்ட் முடிந்ததும் இறங்கி அடுத்த வண்டிக்குப் போகும்.

"எங்கிட்ட யாரும் சொல்லவேயில்லயே?"

"நீ கேக்கவேயில்லயே," என்றார் துளசிராமன். "அது ஸ்டாண்டோட பொதுச் சொத்து நைனா. கண்டவனுக்கும் குடுக்க முடியாது."

"ஒரே நாள்ணே."

"மொதல்ல வண்டிய எப்படி வச்சிக்கணும்னு கத்துக்கோ. அவனவன் புள்ள மாதிரி பாத்துக்குறான். உன்துமட்டும் ஏன் இப்படிப் பேஜாரு பண்ணுது, யோசிச்சியா?"

"யோசிச்சிக்கினேதான் கீறேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரியலண்ணே."

கூட வந்திருந்த லோகுவுக்கு இருமல் வந்தது. துளசிராமன் வேறு பக்கம் திரும்பித் துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தார்.

நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. ஸ்டாண்டில் இருப்பவர்களுக்கெல்லாம் பிரியாணி. துளசிராமனின் மகளுடைய பீரோவை மணவாள நகரில் கொண்டுபோய் இறக்க வேண்டும். டெஸ்ட் முடிந்த அன்று சாயங்காலமே வால்வு திரும்ப வேண்டும்.

எட்வர்ட் பிரியாணி வாங்கினான். பிரேக் போட்ட இடத்திலெல்லாம் ஹாரன் அலற, பீரோவையும் ஊர்வலமாகக் கொண்டுபோய் இறக்கினான். மணவாள நகரில் ஒரு தெருவே வெளியே வந்து, பெண்ணா மாப்பிள்ளையா என்று எட்டிப் பார்த்தது.

மறுநாள் காலை ஒயர்கள் ஒட்டப்பட்டன, வால்வு ஏறியது. புகை டெஸ்ட் சென்டரில் பிரின்சி என்ற பெண் குழாயைச் செருகி, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னாள். வண்டி புத்தம் புதுசுபோல் முனகியது. புகை வருகிறதா என்று எட்வர்டே இறங்கி, குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

சான்றைக் கையில் வாங்கியபோது அவனுக்குக் கண் கலங்கியது.

"நான் கெளம்புறேம்மா. வால்வக் கழட்டி துளசிராமன் அண்ணங்கிட்ட சேக்கணும். கடவுள் மாதிரி மனுசன், நம்பி இரவல் குடுத்தாரு."

பிரின்சி சான்றிலிருந்த பெயரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்கே இரவலாண்ணே? வேளாங்கண்ணிக்கு நடந்து போனப்போ எட்வர்டே இந்த வால்வத் தன் வண்டியிலேர்ந்து கழட்டி ஸ்டாண்டுக்கு தானமா குடுத்துட்டாருன்னு சொல்லித்தானே துளசிராமன் அண்ணன் இத்தினி வண்டிய இங்க பாஸ் பண்ணிக்கினு போனாரு?"