பன்னிரண்டு புள்ளி ஆறு

வண்டி 'க்ளிக்' என்றது. அதற்கு மேல் எதுவும் சொல்ல அது விரும்பவில்லை.

மணி காலை ஆறே கால். ஊசி மறுபடி ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினான். மறுபடி 'க்ளிக்.' சட்டைப் பையில் போன் அடித்தது.

"தம்பி, நேத்து ஏழரைக்குச் சாப்பிட்டது. இப்ப வயித்துல கோபத்தைத் தவிர வேற ஒண்ணும் இல்லை. வர்றீங்களா, இல்லை நான் காப்பி குடிச்சிடவா?"

"குடிச்சிடாதீங்க சார்! பத்து நிமிஷம்!"

ஊசி என்பது அவனுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வைத்த பெயர். தினமும் காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, லேபில் கொண்டு சேர்ப்பது அவன் வேலை. எல்லாம் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய ரத்தம். பசியோடு காத்திருப்பவர்கள் யாருக்கும் மரியாதை கொடுப்பதில்லை.

"கிக்கர் இருக்கிற வண்டியா வாங்குங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் மனைவி, வாசலில் நின்று. "பட்டன்தான் ஸ்டைலுன்னீங்க. இப்ப ஸ்டைலா தள்ளுங்க."

ஸ்டைலாகத் தள்ளினான். தெருமுனைச் சரிவில் ஓடவிட்டு ஏறி உட்கார்ந்து, இரண்டு குலுக்கலில் வண்டி உயிர் பெற்றது. போன் செய்த ஹெட்மாஸ்டரின் வீட்டை அடையும்போது ஏழு பத்து.

ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் கையை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "போன தடவை இருநூத்திப் பன்னண்டு வந்துச்சு. இந்தத் தடவை கொஞ்சம் பாத்துப் போடச் சொல்லக் கூடாதா தம்பி? ஒரு நூத்தி நாப்பது? பொண்ணு போன்ல கேட்டா அழறா."

ஊசிக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

"சார், நீங்களே இப்படிக் கேக்கலாமா? நம்பரை மாத்தினா வியாதி மாறிடுமா? எங்கப்பாவைப் பாருங்க. எழுபத்திரண்டு வயசு, உங்களை மாதிரிதான் சுகர். வீட்டுலேயே மெஷின் வெச்சு, தினமும் விரலைக் குத்தி, நோட்டுல எழுதறார். நூத்தியெட்டு, நூத்திப் பத்து. தாண்டினதே கிடையாது!"

"கொடுத்து வெச்சவர்" என்றார் ஹெட்மாஸ்டர், ஊசி முனை கையில் இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு.

லேபில் மேனேஜர் கடிகாரத்துக்கு அடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இது ரெண்டாவது தடவை. பட்டினி கிடக்கிற ஆளுங்கய்யா அவங்க. மூணாவது தடவை லேட்டானா, ஐஸ் பெட்டியையும் கார்டையும் இந்த மேஜைல வெச்சுட்டுப் போயிட்டே இரு."

கார்டு என்றது குடும்ப மருத்துவ அட்டையை. அது இருந்தால் அவனுக்கும் மனைவிக்கும் அப்பாவுக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம். ஊசியின் சம்பளத்தைப் பார்த்தவர்கள் அவன் ஏன் இந்த வேலையில் இருக்கிறான் என்று கேட்பார்கள். கார்டைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

"வேலை போனா வேற வேலை பாத்துக்கலாம்" என்றாள் மனைவி, அன்று மதியம். "கார்டு போனா என்ன பண்றது? மாமாவுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா?"

"எனக்கென்னம்மா? நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் அப்பா. மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாத வெயிலில், இரண்டு காலிலும் சாக்ஸ் போட்டுக்கொண்டு, செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நீட்டினார். "இன்னொரு செம்பு கொண்டா."

மெக்கானிக் வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பேட்டரி போயிட்டு இருக்குண்ணே. மாத்திடுங்க."

"டெஸ்ட் பண்ணாம எப்படிச் சொல்றீங்க? எங்க லைன்ல டெஸ்ட் இல்லாம மருந்து கிடையாது."

"வண்டி ஸ்டார்ட் ஆகலைங்கிறதுதாண்ணே டெஸ்ட்டு."

"அது அறிகுறி. எனக்கு நம்பர் வேணும். தினமும் காலைல எத்தனை வோல்ட்டுன்னு கண்ணுக்குத் தெரியணும். அதுக்கு மீட்டர் இருக்குல்ல?"

"இருக்கு" என்றார் மெக்கானிக் அலுப்போடு. "காய்ச்சல்காரனுக்கு மாத்திரை வாங்குடான்னா தெர்மாமீட்டர் வாங்கறேங்கறீங்க. எதிர்க்கடைல கேளுங்க. பன்னண்டரைக்கு மேல இருந்தா நல்ல பேட்டரி. பன்னண்டுக்குக் கீழ போனா ஆபத்து. அவ்வளவுதான் படிப்பு."

எதிரே இருந்த உதிரிபாகக் கடைக்காரர் மூன்று மீட்டர்களை எடுத்து வைத்தார். ஒன்றில் முள். ஒன்றில் சிவப்பு எழுத்து. ஒன்றில் பச்சை எழுத்து, சுற்றிலும் வெள்ளி வளையம். ஊசியின் வண்டியிலேயே ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினார்.

முள், பதினொன்று புள்ளி ஆறில் போய்ப் படுத்துக்கொண்டது. சிவப்பு எழுத்து பதினொன்று புள்ளி ஏழு என்றது. "அடுத்ததைப் போடுங்க" என்றான் ஊசி.

மூன்றாவதைப் பொருத்தினார். பச்சையாக, பளிச்சென்று எழுந்தது: 12.6.

ஊசியின் முகமும் பளிச்சென்று ஆனது.

"இதுல எதுங்க கரெக்டா காட்டுது?"

கடைக்காரர் முப்பது வருஷமாக அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பவர். "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்றார்.

"முள்ளு ஆடுது. சிவப்பு கண்ணை உறுத்துது. இந்தப் பச்சை நிதானமா இருக்கு."

"எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க" என்றார் கடைக்காரர், பெட்டியைத் தேடியபடி.

மெக்கானிக் பேட்டரிக்கு ஒரு நாள் முழுக்க சார்ஜ் ஏற்றி, மீட்டரையும் பொருத்திக் கொடுத்தார். சார்ஜ் ஏற்றுவதற்கு முன் 12.6. ஏற்றிய பிறகும் 12.6. வேறு யாராவதாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். ஊசி அதை மீட்டரின் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டான்.

அப்பாவை வாசலுக்கு அழைத்துவந்து காட்டினான். அவர் ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்தார்.

"கால்ல என்னப்பா?"

"புதுச் செருப்பு கடிச்சிருச்சு. அதை விடு. எங்க மீட்டரு?" குனிந்து பார்த்தார். "ஆகா! பாத்தாலே மனசு குளிருதுடா. மெஷின் வாங்கறதுல ஒரு கைராசி வேணும். அது நம்ம ரத்தத்துலேயே இருக்கு."

"நீங்களும் ஒரு தடவை லேப்புல டெஸ்ட் எடுத்துக்கலாம்பா. கார்டு இருக்கு, சும்மாதானே?"

"உங்க லேப்புல குழாய் குழாயா எடுப்பீங்க. என் மெஷினுக்கு ஒரு சொட்டு போதும். இன்னிக்கு நூத்தி ஒன்பது. நோட்டைப் பாரு!"

நான்கு நாள் வண்டி ஓடியது. ஐந்தாம் நாள் காலை, 12.6 என்று பச்சையாகச் சிரித்துக்கொண்டே 'க்ளிக்' என்றது. நல்ல வேளையாக அன்று விடுமுறை.

மெக்கானிக் தன் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். "பதினொண்ணு புள்ளி ரெண்டு. உங்க மீட்டர் புளுகுதுண்ணே."

"உங்க டெஸ்டர் பழசு."

"பழசுதான். ஆனா வண்டி என் டெஸ்டர் சொல்றதைத்தானே கேக்குது? ராவெல்லாம் இந்த மீட்டரே எரிஞ்சுக்கிட்டு இருக்கு, அதுவும் சார்ஜைக் குடிக்குது. கழட்டி எறியுங்க. பேட்டரியை மாத்துங்க."

வீட்டில் மனைவியும் அதையேதான் கேட்டாள். "கடைல மத்த ரெண்டும் பதினொண்ணு சொச்சம் காட்டுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுல ஒண்ணை வாங்க வேண்டியதுதானே?"

"காலங்கார்த்தால அந்த நம்பரைப் பாத்துட்டு வேலைக்குப் போக முடியுமா?"

"நீங்க மீட்டர் வாங்கலைங்க. ஆறுதல் வாங்கியிருக்கீங்க."

ஊசி மீட்டரைக் கழற்றவில்லை. பேட்டரியையும் மாற்றவில்லை. மெக்கானிக்கிடம் சார்ஜ் ஏற்றி வாங்கி வந்து, இரவில் மீட்டரை அணைத்து வைக்க ஒரு சுவிட்ச் போதும் என்று முடிவு செய்தான். பக்கத்து வீட்டில் துளைபோடும் கருவியை இரவல் வாங்கி, ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் தானே ஓட்டை போட்டான். நரம்பைப் பார்த்துக் குத்தத் தெரிந்த கை அது. ஆனால் வண்டிக்கு நரம்பு எங்கே ஓடுகிறது என்று அதற்குத் தெரியவில்லை. ஏதோ இரண்டு வயர் அறுந்தது. சேர்த்து டேப் சுற்றினான்.

மறுநாள் காலை பிரேக் பிடித்தபோதெல்லாம் ஹாரன் அடித்தது.

ஒவ்வொரு நோயாளி வீட்டு வாசலிலும் ஊர்வலம் வந்தது போலப் போய் இறங்கினான். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. இன்னொரு வீட்டில் கைக்குழந்தையோடு வந்த பெண், "ரத்தம் எடுக்க வந்தீங்களா, உயிரை எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் டேப்பைப் பிரித்து, வயர்களை வேறு விதமாகச் சேர்த்தான். ஹாரன் நின்றது. நின்றது என்றால், அடியோடு நின்றது. மீட்டரில் 12.6. திருப்தியாக வண்டியைச் சுவரை ஒட்டி, பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டுப் போனான். பின்னால் பிரேக் விளக்கு அணையாமல் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அது சுவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

காலை ஆறு மணி. பச்சை எழுத்து 12.6 என்றது. வண்டி இந்தத் தடவை 'க்ளிக்' என்றுகூடச் சொல்லவில்லை.

சரிவு வரை தள்ளினான். ஓடவிட்டான். வண்டி சரிவின் அடியில் போய் மௌனமாக நின்றது. திரும்ப மேலே தள்ளி, திரும்ப ஓடவிட்டான். மூன்றாவது தடவை, டீக்கடையில் நின்றிருந்த ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார்: "சார், பிரேக்கை விட்டுட்டுத் தள்ளுங்க. பின்னாடி லைட்டு மங்கலா எரியுது பாருங்க!"

ஊசி பின்னால் போய்ப் பார்த்தான். பிரேக்கில் கையே இல்லை, விளக்கு எரிந்தது.

போன் அடித்தது. "தம்பி, கொஞ்சம் தலை சுத்துது. நீங்க வந்துடுவீங்கன்னு இருக்கேன்" என்றார் ஹெட்மாஸ்டர். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை. கோபப்படத் தெம்பில்லாத குரல்.

"சார், ஏதாவது சாப்பிட்டுடுங்க! இன்னிக்கு வேணாம்! சார்?"

பதில் இல்லை. போன் மட்டும் கட்டாகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் ஹெட்மாஸ்டரைத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். ராத்திரி மாத்திரை போட்டு, காலை வரை வெறும் வயிறு. சர்க்கரை இறங்கி, கதவு நிலையில் மோதி விழுந்திருந்தார். நெற்றியில் கட்டியிருந்த துண்டு நனைந்திருந்தது.

கண்ணைத் திறந்து ஊசியைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் கையை நீட்டினார்.

"இப்ப எடுத்தா கம்மியா வரும்ல தம்பி?" என்றார்.

லேபில் மேனேஜர் சத்தம் போடவில்லை. மேஜையை மட்டும் விரலால் தட்டிக் காட்டினார். ஊசி ஐஸ் பெட்டியை வைத்தான். அதன் மேல் கார்டை வைத்தான்.

"ஆறு தையலாம். ஆள் பிழைச்சுக்கிட்டார்" என்றார் மேனேஜர். "வண்டியில மீட்டரெல்லாம் மாட்டியிருக்கேன்னு சொன்னியேய்யா. அது என்னதான் காட்டுச்சு?"

ஊசி சொன்னான். மேனேஜர் கார்டை எடுத்து டிராயருக்குள் போட்டார்.

வெளியே வந்து நடந்துகொண்டிருந்தபோது மனைவியிடமிருந்து போன்.

"வர்ற வழியில மாமா சுகர் மெஷினுக்கு ஸ்ட்ரிப்பு வாங்கிட்டு வாங்க, தீந்துடுச்சாம். அப்படியே கொஞ்சம் பஞ்சும் கட்டுத்துணியும். சாக்ஸைத் துவைக்கலாம்னு கேட்டா, கால்ல ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. வாடை வேற. கேட்டா செருப்புக்கடிங்கறார். இப்ப வலிக்கவே இல்லையாம். நீங்க எங்க இருக்கீங்க? ஏன் ஒரு மாதிரி பேசறீங்க?"

"வந்து சொல்றேன்."

மருந்துக்கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரருக்குக் குடும்பத்தையே தெரியும். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, "என்ன சார், நடந்து வர்றீங்க? வண்டி எங்க?" என்றார்.

அவ்வளவு நேரம் யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஊசி அவரிடம் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பாக இல்லை.

"மூணு மீட்டர் வெச்சாங்கண்ணே. ரெண்டு நிஜத்தைச் சொல்லுச்சு. நான் நல்ல நம்பர் காட்டினதைப் பாத்து வாங்கியிருக்கேன். உலகத்துல என்னை மாதிரி ஒரு முட்டாளைப் பாத்திருக்கீங்களா?"

கடைக்காரர் பஞ்சை மடித்துப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஏன் சார் அப்படிச் சொல்றீங்க? போன வருஷம் உங்கப்பாவும் இதே இடத்துல நின்னு, நாலு மெஷின்ல விரலைக் குத்திப் பாத்துட்டு, இருக்கறதுலேயே கம்மியா காட்டினதைத்தானே எடுத்துட்டுப் போனாரு!"