வாசலுக்கு வந்த ஜோடி மயில்

தாராவி,
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர், டோம்பிவிலி சிவகுருநாதன் அவர்களுக்கு, தங்கை புருஷன் கணேசபாண்டியன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை செண்பகவல்லியும் குழாயில் தண்ணீர் வருகிற நாட்களில் முழு நலம், வராத நாட்களில் ஓரளவு நலம். தாங்கள் அனைவரும் நலமாயிருக்க அவள் வேண்டிக்கொள்கிறாள், நானும் ஆட்சேபிக்கவில்லை. போனில் சொன்னால், ரயிலில் இருந்துகொண்டு "டனல் வந்துட்டு" என்று பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

போன தை மாதம் என் பேத்தி காதுகுத்துக்கு வந்தபோது, நாற்பது பேர் நடுவில் எங்கள் வாசலைப் பார்த்து, "எல்லாம் சரி மாப்ளே, வீட்டுக்கு முகத்தைக் காணலியே" என்றீர்கள். கையில் பாயசம் இருந்ததால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. பதில் இப்போது வாசல் கூரை விளிம்பில் தொங்குகிறது. தேக்குத் தோரணம், ஒன்பதடி, நடுவில் ஜோடி மயில், இரண்டு பக்கமும் மாங்காய்க் கொடி. போட்டோ அனுப்பமாட்டேன். அடுத்த ஞாயிறு நேரில் வந்து பார்த்து, தங்கள் வாயால் "நல்லாருக்கு" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை பாடும். எங்கள் வீட்டில் தாங்கள் இதுவரை அப்படிச் சொன்னது சுவர்க்கடிகாரத்தை மட்டும்தான். அது மறுநாளே நின்றுபோனது வேறு விஷயம்.

குர்லா தச்சர் காலித் பாய் செதுக்கி முடித்த அன்று டெம்போக்காரன் மழை என்று கையை விரித்துவிட்டான், நானும் காலித் பாயும் லோக்கல் ரயில் லக்கேஜ் டப்பாவில் ஏற்றினோம், மீன்காரம்மாக்கள் நாலு பேர் பெஞ்சு என்று நினைத்து மயில் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள், சயான் வந்தும் எழுந்திருக்கவில்லை, மாட்டுங்கா வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். வந்தால், சந்து முனையில் ஒன்பதடி திரும்புமா? திரும்பலியே! வாசலை அளந்தேன், சந்தை எவன் அளந்தான்? கடைசியில் சந்து முனையில் இருக்கிற ஜெபா வீட்டு ஜன்னலில் நுழைத்து, அவள் அடுப்படியைத் தாண்டி, பின்வாசல் வழியாக எடுத்தோம். சாம்பார் சட்டி கவிழ்ந்தது. அவளோ, "அண்ணாச்சி, மயிலுக்கு ரெண்டு இட்லி வைக்கட்டா?" என்று நக்கல் பண்ணுகிறாள். முதல் தடவை தலைகீழாக மாட்டி, மயில் இரண்டும் சிரசாசனம் செய்தன. அதையும் கழற்றித் திருப்பினோம்.

நேற்று சாயங்காலம் மாட்டியாயிற்று மச்சான்! எதிர்வீட்டு வானமாமலை, யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத மளிகைக்காரர், கல்லாவைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்து பத்து நிமிஷம் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவர் தலை மறைந்ததும் செண்பகவல்லி எலுமிச்சை மிளகாய் கட்டினாள். பிறகு சந்தே திரண்டு வந்து செல்ஃபி எடுத்தது. அவள் பூசணிக்காய் வாங்க ஓடினாள். ஜெயிச்சுட்டேன் மச்சான், அம்புட்டுதான் சொல்லுவேன்.

தங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வயசு வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
முகமுள்ள வீட்டில் வசிக்கும்
கணேசபாண்டியன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் செண்பகவல்லி இதை வாங்கிப் படித்தாள். "அண்ணன் வந்து நல்லாருக்குன்னு சொல்லவா? அந்தக் கடிகாரத்தை மறந்துட்டியளா? எங்கண்ணன்தான், இல்லங்கல. ஆனா கண்ணு கண்ணுதானே!" என்று ஏணியில் ஏறி, நீலத் தார்ப்பாயால் தோரணம் மொத்தத்தையும் மூடிக் கட்டிவிட்டாள். ஞாயிறு வந்துவிட்டு, தாங்கள் டோம்பிவிலி போய்ச் சேர்ந்ததாக போன் வந்த பிறகுதான் அவிழ்ப்பாளாம். முதலில் நானே ஏணியில் ஏறி அவிழ்க்கப் போனேன். அப்புறம் யோசித்தேன். இந்த முப்பது வருஷத்தில் இந்த வீட்டுக்கு டி.வி. வந்தது, ஃபிரிட்ஜ் வந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் நானே வந்தேன். தங்கள் கண்ணுக்குப் பயந்து அவள் எதையுமே மூடியதில்லை, என்னையும் சேர்த்து. அவசியம் வாருங்கள் மச்சான். வந்து அந்தத் தார்ப்பாயைப் பாருங்கள்.