மந்தாரக்குப்பத்து நெப்ராஸ்கா

மந்தாரக்குப்பத்தில் உட்கார்ந்தபடி அமெரிக்காவில் ஒரு ஊரையே நிர்வாகம் செய்தவர் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் நெப்ராஸ்கா. அவருக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பைக் சீட்டுக்கு உறை தைப்பது தொழில். மகள் தமிழரசி கல்யாணமாகி நெப்ராஸ்கா மாநிலத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனதிலிருந்து அந்தக் கிராமம்தான் தொழில், தையல் பகுதிநேரம்.

செல்போன் மேப்பில் தினமும் அதன் தெருக்களில் நடப்பார். மொத்தமே இரண்டு தெரு. பிளாக் பிளாக்காக இல்லாவிட்டால் எங்களுக்கு எந்த ஊரும் புரியாது என்பதால், அதையும் பக்கத்து நெய்வேலி டவுன்ஷிப் மாதிரி பிரித்துவிட்டார். சர்ச் ஒன்றாம் பிளாக். தானியக் கிடங்கு இரண்டாம் பிளாக். மீதியெல்லாம் மக்காச்சோளம்.

"தமிழு வூட்டுக்கு எதுத்தாப்ல ஒரு காரு நிக்குது பாரு. எடுக்கவே இல்ல. பேட்டரி போயிருக்கும்."

"அண்ணே, அது எப்பவோ எடுத்த போட்டோண்ணே."

"அதான் சொல்றேன். அப்பலேர்ந்து எடுக்கல!"

சீட் தைக்க வந்தவர்கள் அதன் வரலாறும் கேட்டாக வேண்டும். ரயில் வந்ததால் ஆற்றோரம் முளைத்த ஊர். வெள்ளம் மேல் வெள்ளம். கடைசியில் வீடுகளையே உருளைக் கட்டைகள் மேல் ஏற்றி, குதிரை பூட்டி இழுத்துப்போய் மேட்டில் வைத்துவிட்டார்கள். இதைப் படித்த அன்று கடைக்கு லீவு. அவர் பிறந்த கிராமமும் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்டதுதான்.

"நம்மளமாரியே எடம் மாறுன ஊருடா! நாம கதவையும் ஓடுங்களையும்தான் எடுத்துக்கினு வந்தோம். அவனுங்க வூட்டையே இழுத்துக்கினு போயிருக்கானுங்க!"

பனிக்காலத்தில் ஒரு நாள் தமிழரசி போனில் அழுதாள். மாப்பிள்ளை காற்றாலை வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். "பேசறதுக்கு ஒரு ஆளு இல்லப்பா. டிக்கெட் போடு, வந்துடறேன்."

அதன் பிறகு நெப்ராஸ்கா யாரிடமும் நெப்ராஸ்காவைப் பற்றிப் பேசவில்லை. பயந்தே போனோம்.

ஒரு நாள் ராத்திரி என்னைப் பிடித்து உட்கார வைத்தார். அந்த ஊரில் ஒரு குட்டி மியூசியம் உண்டு, நம்பர் மேப்பிலேயே இருந்தது. நானோ இங்கிலீஷ் பேச ஆள் தேடிக்கொண்டிருந்தவன்.

"அங்க இப்ப காலைல. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வந்திருப்பாங்க. போடு."

பெரியவர் ஒருவர் எடுத்தார்.

"அவங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊருன்னு கேளு."

எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறிய டவுன்ஷிப்பில், புதுக் குடும்பத்திடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அது. கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டு ஸ்வீடன் என்றார். அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. அந்த மியூசியத்துக்கு யாரும் போன் செய்வதே இல்லையாம்.

"மேட்டுக்கு வந்தப்ப பக்கத்து வூட்ல யாருன்னே தெரிஞ்சிருக்காதே. எப்படிப் பழகுனாங்களாம்?"

புது வீட்டுக்கு ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோவார்களாம். இப்போது யாரும் புதிதாகக் குடிவருவதில்லை, வழக்கமும் நின்றுவிட்டது என்றார் பெரியவர்.

நான் சொல்லி முடிப்பதற்குள் நெப்ராஸ்கா போனைப் பிடுங்கினார். சேர்த்து வைத்திருந்த இங்கிலீஷ் மொத்தத்தையும் கொட்டினார். "சார்! மை டாட்டர் நியூ! ரெண்டாம் பிளாக்! ப்ளூ டோர்! அலோன், சார்!"

போனை என்னிடமே திருப்பித் தந்தார். கிடங்குக்குப் பக்கத்து வீடு என்று நான் விளக்கினேன்.

அந்த வாரமே தமிழரசி வீடியோவில் வந்தாள். பின்னால் மேசை கொள்ளாத பாத்திரங்கள், தொப்பித் தலைகள்.

"அப்பா, என்னா பண்ணி வச்ச? ஊரே வாசல்ல வந்து நிக்குது! கேசரி கிண்டிக் குடுத்தேன், ஒருத்தரு சட்டியையே வழிச்சிட்டாரு."

"டிக்கெட்டு?"

"போடு. ஆனா ஒனக்குப் போடு. நீ இங்க வா."

இப்போது பாஸ்போர்ட்டுக்கு அலைகிறார். விசா கிடைக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ரொம்ப நாளைக்குக் கொடுத்துவிடக் கூடாது என்றும்.