ஆந்தி சாப்பின் பின் சீட்டு

டெல்லியில் நான் குப்பை கொட்டிய இருபத்தேழு வருஷத்தில், காற்றுக்கே லிஃப்ட் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் ஆந்தி சாப்தான்.

ஆந்தி என்றால் மே, ஜூனில் ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் புழுதிக்காற்று. ஐந்தே நிமிஷத்தில் ஊர் மஞ்சளாகி, கறுத்து, வாய்க்குள் மண் நறநறக்கும். சாப் என்றால் சார். இரண்டையும் சேர்த்து அவருக்குப் பெயர் வைத்தவன் ஆர்.கே.புரத்தில் எங்கள் ஆபீஸ் பியூன். சொந்தப் பெயர் எங்களுக்கே மறந்துவிட்டது. திருநெல்வேலிக்காரர், நல்ல பருமன். அவர் ஏறி உட்கார்ந்தால் மோட்டார் சைக்கிள் கண்ணுக்குத் தெரியாது, சாப் மட்டும் தனியாக ரோட்டில் மிதந்து வருவார்.

அவரும் நானும் குடியிருந்தது மயூர் விஹாரில். வீட்டுக்குப் போக யமுனைப் பாலத்தைத் தாண்ட வேண்டும். அங்கே ஒதுங்க மரம் கிடையாது, கட்டடம் கிடையாது. காற்று பக்கவாட்டில் வந்து அறையும். சாப் தினமும் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இறங்குவார். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பிகள் இரண்டையும் நீட்டிவிடுவார். காலி சீட்டைப் பார்த்து, "ஏறிக்கிடும்" என்பார். பாலம் முடிந்ததும் மறுபடி நிறுத்தி, "சரி, பாத்துப் போம்" என்று வழியனுப்பிவிட்டுக் கம்பிகளை மடக்குவார்.

"ஆஜ் சவாரி மிலி க்யா, சாப்?" என்று பியூன் தினமும் கேட்பான், ஆட்டோக்காரரிடம் சவாரி கிடைத்ததா என்று விசாரிப்பதைப் போல. சாப் கோபித்துக்கொள்ளவே மாட்டார்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். கோணிப்போன சுண்டுவிரலைக் காட்டினார்.

"ஒரு நா ஏத்தாம போனேன்வே. பாலத்துச் சுவர்ல கொண்டு போயி சாத்திட்டாரு. வெளிய நிக்கவருதான் தள்ளுவாரு. வண்டியில ஏத்திக்கிட்டா எப்படித் தள்ளுவாரு? தானும்லா விழணும்."

ஆபீஸில் இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தோம். சிரித்த எங்களில் பாதிப் பேர் அந்தப் பாலத்தில் ஒரு தடவையாவது விழுந்து சில்லறை பொறுக்கியவர்கள். சாப் அந்த ஒரு தடவைக்கு அப்புறம் விழவே இல்லை.

ஒரு மே மாதம் என் ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். கூலரில் தண்ணீர் ஊறிக் காற்றைக் குளிர்விக்கும் வெட்டிவேர் தட்டி மக்கிப்போய் அனல் காற்றாக அடித்தது. "இன்னிக்குத் தட்டி இல்லாம வந்தா, நீங்களும் வரவேண்டாம்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். கேரம் போர்டைவிடப் பெரிய தட்டி ஒன்றை வாங்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டு சாப்பின் பின்னால் ஏறினேன்.

"தட்டியை ஆபீஸ்ல போட்டுட்டு வாரும். நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

"வீட்ல கொன்னுடுவா சார்."

"அவ ஒருத்திதான் கொல்லுவான்னு நெனைக்கீரு" என்று முனகிக்கொண்டே கிளம்பினார்.

பாலத்துக்கு முன்னால் நிறுத்தினார். வானம் லேசாக மஞ்சளித்திருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. காக்கை ஒன்றையும் காணோம்.

"கொஞ்சம் முன்னால நகரும்வே. அவரு ஏறணும்."

நகர்ந்தேன். சிரிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் 'கிறீச்' என்று இரண்டங்குலம் அமுங்கியது. முதுகில் தீ பிடிக்கிற அந்த வெயிலில் என் பிடரி மட்டும் சில்லிட்டது.

"திரும்பிப் பாக்காதேயும். மரியாதையில்ல" என்றார் சாப்.

பாதிப் பாலத்தில் பகல் பட்டென்று அணைந்தது. இடப்பக்கமிருந்து காற்று அறைந்ததில் வண்டி ஒரு முழம் நகர்ந்தது. சாப் வேகத்தைக் குறைத்தார். குரல் மட்டும் ஃபைலைப் படித்துக் காட்டுகிற அதே நிதானத்தில் இருந்தது.

"நான் கைப்பிடியை இறுக்கல. முட்டியால டேங்கை அணைச்சிருக்கேன். நான் சாயற பக்கம் நீரும் சாயும்."

இடப்பக்கம் ஒரு பஸ் எங்களைத் தாண்டியது. காற்று சட்டென்று நின்றது. அப்பாடா என்றேன்.

"நம்பாதேயும். பஸ் விலகுனதும் மொத்தமா வருவாரு."

வந்தார். தட்டி கப்பல் பாயாகிவிட்டது. வண்டி வலப்பக்கம் போகும் பஸ்களை நோக்கிக் கோணியது. அப்போதுதான் அது நடந்தது. காற்று தள்ளுமே தவிர இழுக்காது. என் தட்டியைப் பின்னாலிருந்து யாரோ விரல் கொடுத்து இழுத்தார்கள்.

"சார், யாரோ பிடிச்சு இழுக்கறாங்க."

"கேக்காருல்லா? குடும்."

"வீட்ல அவ..."

"அவளுக்குத் தட்டி வேணுமா, பிள்ளைக்கு அப்பன் வேணுமா? விடும்வே."

விட்டேன். தட்டி கீழே விழவில்லை. யாரோ கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, பாலத்துச் சுவரைத் தாண்டி இருட்டுக்குள் போயிற்று. வண்டி நேரானது. அக்கரையில் சாப் இறங்கி, "சரி, பாத்துப் போம்" என்றார். ஸ்பிரிங் மேலே எழும்பியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மண் பொம்மையாக வீட்டுக்குள் நுழைந்தேன்.

"தட்டி எங்க?"

"கூட வந்தவர் எடுத்துட்டுப் போயிட்டார்."

அவள் சண்டை போடவில்லை. ஈரத் துண்டால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

சாப் சில வருஷம் கழித்து, ஆபீஸ் நாற்காலியிலேயே மாரடைப்பில் போய்விட்டார். வண்டியை அவர் வீட்டில் யாரும் தொடவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் நாள் சாயங்காலம் பாலத்துக்கு முன்னால் காற்று கிளம்பியது. வெட்கமாக இருந்தாலும் இறங்கிக் கம்பிகளை நீட்டினேன்.

"ஏறிக்குங்க சார்" என்றேன். ஸ்பிரிங் அன்றைக்கு அமுங்கியதைவிட நன்றாகவே அமுங்கியது.

அதிலிருந்து அந்தப் பாலத்தில் நான் டேங்கை ஒட்டித்தான் உட்காருகிறேன். காற்று எங்கேயாவது ஒண்டிக்கொள்ளும். எங்கள் சாப் பருமன், அவருக்கு இடம் வேண்டும்.