கண்ட்ரோல் அக்காவின் வலது கை

மனித குலத்தின் வலியைப் பற்றி இனி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. எங்கள் ஆராய்ச்சி நிலையம் அந்தப் பொறுப்பை இருபது வருடங்களுக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. நான் இங்கே நிர்வாக அலுவலர். சுற்றறிக்கைகளில் கையெழுத்திடும் பாக்கியம் பெற்றவன் என்பதால் இதை அதிகாரபூர்வமாகவே சொல்லலாம்.

எங்கள் பேராசிரியர் வலியை அறிந்த அளவுக்கு, அதை அனுபவித்தவர்கள்கூட அறிந்ததில்லை. நரம்பு செல்லின் சுவரில் 'அயனிக் கால்வாய்' என்று ஒரு நுண்ணிய கதவு இருக்கிறது. சூடு பட்டால் அதை உணரும் ஏற்பி விழித்துக்கொள்ளும், கதவு திறக்கும், அயனிகள் என்ற மின்துகள்கள் திபுதிபுவென்று உள்ளே ஓடும், மூளைக்குத் தகவல் போகும், நாம் 'ஐயோ' என்போம். இந்த 'ஐயோ'வுக்கு முந்தைய ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில்தான் அவர் தம் வாழ்நாளையே கழித்தார். 'ஐயோ'வுக்குப் பிந்தைய காலம் அவருடைய துறை அல்ல.

நோயாளியின் உள்ளங்கையில் சூட்டுத் தகட்டை வைத்து எத்தனை டிகிரியில் வலிக்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது. ஒன்றுமில்லாத நல்ல உடம்புக்காரருக்கு எத்தனையில் வலிக்கிறது என்றும் தெரிய வேண்டும். அப்படி ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஆளுக்கு எங்கள் பாஷையில் 'கண்ட்ரோல்' என்று பெயர். எங்கள் கண்ட்ரோல், எலிக்கூண்டு கழுவும் அக்கா. என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் நானும்கூட 'கண்ட்ரோல் அக்கா' என்றுதான் கூப்பிடுவேன்.

பதினொரு வருடமாக வேறு ஆளை நாங்கள் தேடவே இல்லை. ஏனென்றால் அக்கா எப்போது கேட்டாலும் சரியாக நாற்பத்தாறு டிகிரியில்தான் 'வலிக்குது' என்பார். வெயிலோ மழையோ, நாற்பத்தாறுதான். அந்த ஒற்றை எண்ணின் மேல் பேராசிரியர் முப்பத்தெட்டுக் கட்டுரைகளைக் கட்டி எழுப்பியிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை அக்கா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், வலது கை மூணு வருஷமா வலிக்குது. கூண்டு கழுவுற வேலையில இருந்து மாத்தி விடுங்க. கோப்பு அறையில போட்டாக்கூடப் போதும்."

"மூணு வருஷமாவா? ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே சார். சூடு வெச்சா வலிக்குதான்னு மட்டும்தான் கேப்பாங்க."

கையை நீட்டினார். கொதிநீரும் கிருமிநாசினியும் பட்டுத் தோல் உரிந்திருந்தது. விரல்கள் வீங்கி, விறைத்து நின்றன.

"தலைகூட வாரிக்க முடியலை. வீட்டுக்காரர்தான் பின்னி விடறாரு. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கு, பாருங்க."

பார்த்தேன். அப்படித்தான் கிடந்தது.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே! உடல்நலக் காரணம் காட்டி இடமாற்றம் கேட்பவர், தகுதியுள்ள 'வலி நிபுணரிடம்' சான்றிதழ் வாங்கி வர வேண்டும். நிபுணர் எங்கே இருக்கிறார்? இதே கட்டடத்தில், இரண்டாவது மாடியில், எங்கள் பேராசிரியர்தான். அக்காவின் அதிர்ஷ்டத்தை மெச்சி, லிஃப்ட் பழுது என்பதால் படிக்கட்டைக் காட்டினேன். விண்ணப்பக் கோப்பை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

சூட்டுத் தகட்டுக்குப் பொறுப்பு 'கருவி மேடம்'. கருவியைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காதவர். அக்காவின் வலது உள்ளங்கையில் தகட்டை வைத்து இறுக்கிக் கட்டினார்.

"வலிக்குது மேடம்."

"இன்னும் ஸ்விட்சே போடலை, அக்கா."

"அதைத்தான் சொல்றேன். போடாமலே வலிக்குது."

"முப்பது டிகிரிக்குக் கீழ எழுதறதுக்குக் கட்டமே இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

ஸ்விட்ச் போட்டார்கள். முப்பத்தைந்து.

"வலிக்குது."

"சும்மா சும்மா சொல்லக் கூடாது. ஒரே ஒரு தடவைதான் சொல்லணும்."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டார். நாற்பத்தாறில் மேடம் வழக்கம்போல் பேனாவை எடுத்தார். அக்கா வழக்கம்போல் "வலிக்குது" என்றார்.

பேராசிரியர் முடிவை வாசித்தார். விண்ணப்பதாரர், நாற்பத்தாறு. ஒன்றுமில்லாத நல்ல உடம்புக்காரர், நாற்பத்தாறு. வித்தியாசம் பூஜ்யம். ஆகவே வலி இல்லை.

"சார், அந்த நல்ல உடம்புக்காரரும் நான்தானே?"

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. "அதனாலதான் இவ்வளவு துல்லியமா ஒத்துப்போகுது!"

அக்கா மேல்முறையீடு செய்தார். எங்கள் நிலையம் ஜனநாயகத்தில் நம்பிக்கை கொண்டது. மறுவாரமே மூவர் குழு கூடியது. நிபுணர் என்பதால் பேராசிரியர் தலைவர். கருவி மேடமும் நானும் உறுப்பினர்கள்.

"எலிக்கு வலிக்குதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறீங்க?" என்று அக்கா கேட்டார்.

"காலைத் தூக்கும், உதறும், நக்கும். உலகமே ஒத்துக்கிட்ட அறிகுறிம்மா."

அக்கா வலது கையைத் தூக்கி உதறினார்.

"எலி நடிக்காதும்மா," என்றார் பேராசிரியர் கனிவாக.

"அப்ப பதினொரு வருஷமா நான் சொன்னதை மட்டும் எப்படி சார் நம்புனீங்க?"

"ஒரே மாதிரி சொன்னீங்களே!"

"முதல் நாள் நாப்பத்தொண்ணுலயே வலிக்குதுன்னேன். 'நல்லா யோசிச்சுச் சொல்லுங்க'ன்னு மேடம் முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. நாப்பத்திமூணுல சொன்னேன், மறுபடியும் முதல்ல இருந்து. நாப்பத்தாறுல மேடம் பேனாவை எடுத்தாங்க, நான் வலிக்குதுன்னேன், விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் நான் சூட்டைப் பாக்கறதே இல்லை சார். பேனாவைத்தான் பாக்கறேன்."

பேராசிரியருக்குப் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. முப்பத்தெட்டுக் கட்டுரைகளும் அவர் கண் முன்னால் ஒவ்வொன்றாகச் சரிந்திருக்க வேண்டும். அவருக்கு வலிக்கிறது என்பது தகடு எதுவும் வைக்காமலே எங்களுக்குப் புரிந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். மேடம் மின்விசிறியை வேகமாக்கினார். அக்காகூட "உக்காருங்க சார்" என்றார்.

அவர் தெளிந்ததும் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. மேற்படி பேச்சு குறிப்பேட்டில் ஏறாது. கண்ட்ரோல் முழு ஆரோக்கியத்துடன் இருக்கிறார். 'எனக்கு எவ்வித வலியும் இல்லை' என்ற சான்றிதழில் அவரே கையொப்பமிட வேண்டும்.

"போடலைன்னா?"

"வலி இருக்கறவங்களைக் கண்ட்ரோலா வெச்சுக்க முடியாதே அம்மா. கூண்டு கழுவவும் முடியாதுங்கறீங்க. அப்புறம் இங்க உங்களுக்கு என்ன வேலை?" என்றார் பேராசிரியர்.

 அக்கா பேனாவை எடுக்கப் போனார். அது நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி விழுந்தது.

"விரல் மடங்க மாட்டேங்குது சார்."

பேராசிரியரும் மேடமும் என்னைப் பார்த்தார்கள். இதற்குத்தானே நிர்வாகம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்? நான் எழுந்து போய்ப் பேனாவை அக்காவின் விரல்களுக்கு நடுவில் செருகினேன். என் கையால் அவற்றை மூடி, நன்றாக அழுத்திப் பிடித்தேன்.

அக்கா அலறினார். கீழ்த்தளத்தில் எலிகளுக்கும் கேட்டிருக்கும்.

"கருவி ஓடிட்டு இருந்துச்சா?" என்றார் பேராசிரியர்.

"இல்லை சார்," என்றார் மேடம்.

"அப்ப குறிப்புல வேண்டாம்."

கையெழுத்து கோணலாக விழுந்தது. ஆனாலும் செல்லும். மறுநாள் காலை அக்கா கூண்டு கழுவப் போனார். சான்றிதழ் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அக்காவுக்கு வலித்தது என்பதற்கு இந்த நிலையத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஆனால் எனக்குத் தெரியும். அழுத்தியது என் கை.