அபராதம் அண்ணன் வளர்த்த சங்கம்

நிதி மந்திரியாகப் போயிருக்க வேண்டிய மனுஷர், காரைக்குடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்துவிட்டார். நஷ்டம் தேசத்துக்குத்தான்; எங்கள் போட்டோகிராபர் சங்கத்துக்கு ஒரு பொருளாளர் கிடைத்தார். ஊரே அவரை 'அபராதம் அண்ணன்' என்றுதான் கூப்பிடும்.

அறுபதுகளில் சங்கத்தில் டீ வாங்கக்கூடக் காசு கிடையாது. மாதச் சந்தா கேட்டுப் போனால் உறுப்பினர் டார்க் ரூமுக்குள் புகுந்துகொள்வார். கதவைத் தட்டினால், "பிலிம் கழுவுறேன், தொறக்காதீக!" என்று சத்தம் வரும். அண்ணன் பொருளாளரானதும் சந்தாவையே எடுத்துவிட்டார். "இனிமே அபராதம் மட்டுந்தான்யா!"

கூட்டத்துக்குப் பிந்தி வந்தால் நாலணா. கொட்டாவி விட்டால் நாலணா. மாப்பிள்ளையின் தகப்பனார் அப்பச்சிக்குத் தலை இல்லாமல் படம் எடுத்தால் ஒரு ரூபாய். அரியக்குடிக் கல்யாணத்தில் ஒரு புண்ணியவான் பிலிமே போடாமல் காலையிலிருந்து பந்தி முடியும்வரை 'எடுத்து'த் தள்ளினார். அடேயப்பா, ஐந்து ரூபாய்! சந்தாவுக்கு மூக்கால் அழுதவர்கள் அபராதத்தைச் சிரித்துக்கொண்டே கட்டினார்கள். அடுத்தவனைப் போட்டுக்கொடுக்க வேறு போட்டி. எழுபதுகளில் சங்கத்துக்கு பாங்குக் கணக்கே வந்துவிட்டது.

ஆனால் அதிலிருந்து யாருக்கும் கடன் கிடையாது. அண்ணனே போட்ட சட்டம்.

அதில்தான் நான் போய் முட்டிக்கொண்டேன். கோவிலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊருணிக் கரையில் நிறுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். கேமராவோடு தண்ணீருக்குள் இருந்தேன்! என்னைத் தூக்கிவிட்டார்கள்; கேமரா பிழைக்கவில்லை. முகூர்த்த மாதம் வேறு. வாங்கிய அட்வான்ஸெல்லாம் வீட்டில் சோறாகிவிட்டது. வேறு கேமரா வாங்காவிட்டால் ஸ்டுடியோவை மூட வேண்டியதுதான்.

சங்கக் கூட்டத்தில் எழுந்து, "அண்ணே, நீங்கதான் பாத்துச் செய்யணும்" என்றேன்.

"சட்டம் தெரியுமில்ல?" என்று முறைத்தவர், பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் கையில் திணித்தார். கேமராவுக்கான பணம். சேதி தெரிந்து காலையிலேயே சங்கத்தின் பாங்குக் கணக்கிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார், மனுஷர்!

"சட்டத்த மீறுனது நானு. எனக்கு அம்பது ரூவா அபராதம்." சொந்தக் காசை எடுத்துச் சங்கப் பெட்டியில் போட்டார்.

தலைவர் எழுந்தார். "நீங்க மீறுறீக, நாங்க பாத்துக்கிட்டுல்ல இருக்கோம்? எங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஆளுக்குப் பத்து ரூவா. இங்குட்டு வந்து கட்டிட்டுப் போங்க!"

டார்க் ரூமில் ஒளிந்த அதே ஆசாமிகள் வரிசையில் நின்று கட்டினார்கள். எனக்குத் தாங்கவில்லை. கேவிக் கேவி அழுதுவிட்டேன்.

"கூட்டத்துல அழுதா எட்டணா" என்றார் அண்ணன்.

சட்டைப்பையைத் தடவினேன். ஒன்றுமில்லை. அதையும் அவரே போட்டார்.