ஊதாக் கம்பெனியின் குடும்பத் தலைவர்

"இந்த வீட்டுக்கு நான்தான் தலைவர்!"

தெருவுக்கே கேட்கும்படி நான் இப்படிக் கத்திய நாள் ஒன்று உண்டு. கத்திய இடம், குளியலறைக்கு வெளியே, வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில். ஏனென்றால் வீட்டிலேயே அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைத்தது.

என்னிடம் இருந்தது சிவப்புக் கம்பெனி சிம். என் மனைவியிடம் நீலக் கம்பெனி. எங்களுக்குள் நடந்த சண்டைகளில் பாதி, எந்தக் கம்பெனி ஒசத்தி என்பதுதான். ஹாலில் என் போன் எடுக்கும். சமையலறையில் அவள் போன் எடுக்கும். ஆளுக்கொரு ராஜ்யம், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று இரண்டு கம்பெனியும் இணைந்து ஊதாக் கம்பெனி ஆகிவிட்டன. 'இனி இரட்டிப்புச் சேவை' என்று ஊரெல்லாம் விளம்பரம் வைத்தார்கள். மறுநாள் ஹாலிலும் சிக்னல் இல்லை, சமையலறையிலும் இல்லை.

கம்பெனிக்காரன் அனுப்பும் மெசேஜ் எதையும் நான் படிப்பதில்லை. வந்ததும் அழித்துவிடுவேன். அது என் கொள்கை. என் மனைவி அப்படியில்லை. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தொழில் செய்கிறவள். துணியானாலும் மெசேஜானாலும் ஓரம் வரைக்கும் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி.

அன்று எனக்கு விடுமுறை. காஜா எடுத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஒரே வீட்டுல ரெண்டு நம்பர் இருந்தா, ஒருத்தரைக் குடும்பத் தலைவரா பதிவு பண்ணணுமாம். ஊதாக்காரங்க அனுப்பியிருக்காங்க."

"தலைவர் ஆனா என்ன, மாலை போடுவாங்களா?"

"மாலை இல்லீங்க. மத்தவங்க எங்க இருக்காங்கன்னு தலைவரோட போன்ல தெரியுமாம். மேப்புல புள்ளி வச்சே காட்டுமாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்களுக்குத்தான் இந்தக் கம்பெனி விஷயமெல்லாம் ஆகாதே. இன்னிக்குக் கடைசி நாளாம். நானே தலைவியா இருந்துட்டுப் போறேன்," என்றாள் அப்பாவியாக.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தைத்து முடித்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை என் மனைவி எனக்கு அளித்திருந்தாள். நேரம், சாயங்காலம். அதே சாயங்காலத்தில்தான் பக்கத்துத் தெரு கேரம் கிளப்பில் ஆட்டம் களை கட்டும். ஒரு மனிதனால் இரண்டு இடத்தில் இருக்க முடியாது அல்லவா? அதனால், "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு மூன்றாவது இடத்தில் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் தலைவியானால் என் புள்ளி எங்கே போய் நிற்கும்? கேரம் போர்டின் நட்டநடுவில்!

"நீ எதுக்குக் கஷ்டப்படணும்? நான் ஆகறேன் தலைவர்!" என்று துள்ளி எழுந்தேன்.

"ஐயோ, வேண்டாங்க. கஸ்டமர் கேருக்குப் பேசணும். உங்களுக்குப் பொறுமை இருக்காது."

"எனக்கா பொறுமை இல்லை? உன்னோட குடும்பம் நடத்தலையா?"

அவள் எழுந்து போனாள். வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். எவ்வளவு நல்லவள் என்று நெகிழ்ந்துபோனேன்.

பொத்தானை அழுத்தினேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்' என்றது ஒரு குரல். முக்கியம் என்றால் எடுக்க வேண்டியதுதானே? எடுக்கவில்லை. பாட்டுப் போட்டார்கள். எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம் ஆன பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சார், உங்களுது பழைய சிவப்பு நம்பர். நீங்க சிவப்புப் பிரிவுக்குப் பேசணும்."

சிவப்புப் பிரிவுக்குப் பேசினேன்.

"சார், இப்ப சிவப்புன்னு ஒண்ணு இல்லையே. நீங்க ஊதாவுக்குப் பேசுங்க."

மறுபடி ஊதா. மறுபடி அதே பாட்டு. என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"விட்டுடுங்களேன். நானே பார்த்துக்கறேன்."

"விடறதா? உயிரே போனாலும் விட மாட்டேன்!"

உடம்பெல்லாம் பரபரத்தது. போர்க்களத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தால் குரல் விட்டுவிட்டு வந்தது. ஸ்டூல் மேல் ஏறி நின்றால் தெளிவாக வந்தது. ஏறி நின்றேன். கீழே வாஷிங் மெஷின் தடதடவென்று சுற்ற, மேலே நான் ஆடிக்கொண்டே பேசினேன்.

"சார், நீங்கதான் நீங்கன்னு உறுதிப்படுத்த ஒரு கேள்வி. உங்க கல்யாண நாள் என்ன?"

மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது? சிம் வாங்கும்போது இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தவன் எவன்? நான்தான்! புதுசாகக் கல்யாணம் ஆன மப்பு. மாதம் ஞாபகம் இருந்தது. தேதி தொண்டையில் நின்றது.

உள்ளே தையல் மெஷின் ஓசை நின்றது.

"பதினேழு!" என்று குரல் வந்தது.

"பதினேழும்மா, பதினேழு!" என்று அலறினேன்.

"சரி சார். நீங்க குடும்பத் தலைவரா பதிவாக விரும்பறீங்களா?"

"ஆமா! இந்த வீட்டுக்கு நான்தான் தலைவர்!"

"நிபந்தனையெல்லாம் படிக்கறேன் சார், கேட்டுட்டுச் சொல்லுங்க. குடும்பத் தலைவரின் பாதுகாப்பு கருதி..."

லைன் கரகரத்தது. இன்னொரு தடவை கட் ஆனால் அந்தப் பாட்டை யார் கேட்பது?

"படிக்காதம்மா! எல்லாத்துக்கும் சம்மதம்! சம்மதம், சம்மதம், சம்மதம்!"

ஜெயித்தேன்! ஸ்டூலிலிருந்து குதித்த வேகத்தில் டீ கொட்டியது. கவலைப்படவில்லை. 'வாழ்த்துகள்' என்று தொடங்கி நீளமாக ஒரு மெசேஜ் வந்தது. முதல் வார்த்தையோடு திருப்தியடைந்து, கொள்கைப்படி அழித்தேன்.

"பதிவாயிடுச்சா?" என்று கேட்டாள்.

"பின்னே? பேசறவன் பேசினா நடக்கும்."

"என்ன இருந்தாலும் நீங்க பெரிய ஆள்தாங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். எனக்கு நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது. சட்டைக்கு அளவு மாற்ற வேண்டியிருக்குமோ என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் ஆபீஸில் மேப்பைத் திறந்து பார்த்தேன். அவள் புள்ளியைக் காணவில்லை. ஊதாக்காரன் வேலை, வர ஒரு வாரம் ஆகும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அவள் புள்ளியா முக்கியம்? என் புள்ளி தப்பித்ததே, அது போதாதா!

அன்று சாயங்காலம் தைரியமாக அவளுக்குப் போன் போட்டேன்.

"ஆபீஸ்ல கழுத்தறுக்கிற வேலை. வர நேரமாகும்."

"பாவம், பார்த்துச் செய்யுங்க," என்றாள்.

கிளப்பில் அன்று நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! விரல் தொட்டதெல்லாம் குழியில் விழுந்தது. என் ஜோடியான டிரைவிங் ஸ்கூல்காரர் வாய் பிளந்தார்.

"அண்ணே, இன்னிக்கு உங்களுக்கு என்ன ஆச்சு?"

"பயம் போயிடுச்சு தம்பி, பயம் போயிடுச்சு!"

ராணியைக் குறி பார்த்து ஸ்டிரைக்கரை வைத்தேன். போன் அடித்தது. வீட்டிலிருந்துதான். இத்தனை நாள் எடுக்காத சிக்னல், இங்கே கணீரென்று எடுத்தது.

"என்னங்க, ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டேன். அந்த மெசேஜை உங்களுக்குத் தலைகீழாப் படிச்சுச் சொல்லிட்டேன் போல. தலைவருக்கு மத்தவங்க இருக்கிற இடம் தெரியாதாம். தலைவர் இருக்கிற இடம்தான் மத்தவங்களுக்குத் தெரியுமாம்."

ஸ்டிரைக்கர் கையிலிருந்து நழுவி, தானாகவே குழிக்குள் விழுந்தது.

"அ... அப்படியா?"

"ஆமாங்க. உங்க புள்ளி பக்கத்துத் தெருவுல நிக்குது. ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். உங்க ஆபீஸையும் கேரம் கிளப்பையும் எப்பங்க இணைச்சாங்க?"